மேற்குக் கோபுரத்து விரிசல்

1.

1958 மார்ச் பதினொன்று, காலை ஏழு நாற்பது. என் அப்பா, கொத்து மேஸ்திரி அபீலியோ, எங்கள் ஊர்க் கோட்டையின் மேற்குக் கோபுரத்து விரிசலில் கடைசிக் கல்லை வைத்தார். இந்தக் கதை அந்தக் கல்லிலிருந்து வருகிறது. எனக்கு அப்போது (வயது வேண்டாம், நான் அங்கே இல்லை.)

2.

முதல் தொடக்கம்: போர்த்துக்கல் கடற்கரையில், எங்கள் ஊருக்கு மேலே, மலையுச்சியில் எழுநூறு ஆண்டுகளாக ஒரு கோட்டை

வேண்டாம். எங்கள் ஊரார் கோட்டையைக் கடலிலிருந்துதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: கோபுரத்து விரிசல் வழியே, பின்னாலிருக்கும் வெள்ளை நிற மாவு ஆலை தெரிந்தால் படகு சரியான கோட்டில் நிற்கிறது.*

மீன் கிடைத்த இடத்தைக் கடலில் திரும்பக் கண்டுபிடிக்க மீனவர்களுக்கு ஆளுக்கொரு குறி உண்டு. அவர்களில் பெல்மிரோவின் குறி மீனுக்கானதல்ல. படகு கவிழ்ந்தபோது துடுப்பைப் பற்றிக்கொண்டு, அந்த இடத்துக்கு அடையாளமாக அவன் பார்த்துவைத்தது. கூட இருந்த தம்பி செஃபெரினோ கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் அதே நாளில், தாய் தெயோலிந்தா சுட்டுத் தரும் சோள ரொட்டியை அவன் அங்கே கடலில் இறக்குவான்.

* கோடு இரண்டு வேண்டும்; அவை வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இடம். மற்றது முனைப்பாறையும் கலங்கரை விளக்கமும் ஒன்றின் பின் ஒன்றாகத் தெரியும் கோடு. அது இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு கோடு மட்டும் இருந்தால் நாளெல்லாம் தேடலாம், இடம் அகப்படாது.

3.

பெல்மிரோ மலையேறி வந்தான்.

"மேஸ்திரி, அந்த ஓட்டைய அடைச்சிட்டீங்களா?"

"இடி விழுந்த விரிசல்டா அது. சர்க்கார் குடுத்த வரைபடத்துல இல்ல."

"எந்த வரைபடம்?"

"எழுநூறு வருசம் முந்தி கோட்டை இருந்தபடி."

"அத எவன் பார்த்தான்? ஓட்டைய நான் போன வருசம் பார்த்தேன்."

"பிரிச்சா என் வேலை போயிடும்."

"அப்ப எங்கம்மா சுட்ட ரொட்டிய எந்தத் தண்ணில போடுறது? நீங்களே ஒரு வரைபடம் போட்டுக் குடுங்க."

இங்கே எனக்குக் குழப்பம். அப்பா பழையதைத்தான் திரும்பக் கட்டினார். ஆனால் விரிசலும் இருநூறு ஆண்டுப் பழசு. எது உண்மையான கோட்டை? அப்பாவைக் கெட்டவராக்கினால் கதை சுலபம். அவர்

(இப்படியே இருக்கட்டும்.)

4.

முடிவு ஒன்று: அப்பா கல்லைப் பெயர்க்கிறார். எழுதி அடித்துவிட்டேன். கல் இன்றும் இருக்கிறது.

முடிவு இரண்டு: பெல்மிரோ ஏதோ ஓரிடத்தில் ரொட்டியை இறக்கிவிட்டுத் தாயிடம் "அங்கதாம்மா" என்கிறான். அந்த ஆண்டு நடந்தது இதுதான். ஆனால் பொய் சொல்லும்போது அவன் தொப்பியைத் திருகுவான். தாய் அதைப் பார்த்தாள். அடுத்த ஆண்டு தானும் வருவதாகச் சொன்னாள். மேஸ்திரியும் வரவேண்டும் என்றாள்.

5.

அடுத்த ஆண்டு, படகில் மூவர். முனைப்பாறையும் கலங்கரை விளக்கமும் ஒரே நேரில் வந்ததும் பெல்மிரோ துடுப்பை நிறுத்தினான். மேலே கோட்டை, ஒரு குறையுமில்லாமல்.

"தபால்தலையில போடலாம்," என்றான் பெல்மிரோ.

தெயோலிந்தா துணியைப் பிரித்து, ரொட்டியை என் அப்பாவின் மடியில் வைத்தாள்.

அவருக்காக மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னுடையவை. அப்பா இதைச் சொன்னபோதெல்லாம் அவள் கேட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவார். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவள் கேள்விக்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

"கல்லு வச்சது நீங்கதானே மேஸ்திரி. எம்புள்ள எங்க இருக்கான்னு நீங்களே சொல்லுங்க."