முப்பத்தெட்டு செடிகள் கூடத்தைக் கடந்த நாள்

வைகாசி ஆறாம் தேதி பகல் பதினொன்றே முக்காலுக்கு, நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே செல்லமுத்து வீட்டுப் புறக்கடையில் நின்றிருந்த முப்பத்தெட்டு செடிகளும் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறிவிட்டு, சமையற்கட்டு வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. கத்தரிகள் முன்னால் வந்தன. தக்காளிகள் தங்களுக்கு நட்டிருந்த குச்சிகளைக் கையோடு எடுத்துக்கொண்டு, ஊன்றி ஊன்றி வந்தன. வெண்டைகள் யாரையும் பார்க்காமல் நிமிர்ந்தபடி வந்தன. பீர்க்கங்கொடி பந்தல் கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்ததால் நிலைப்படியில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டது. அன்றைய வெயில் நூற்றெட்டு டிகிரி என்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். செடிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் செடிகளை வைத்தவள் செல்லமுத்துவின் மகள் தனப்பிரியா. வயது இருபத்து மூன்று, தாவரவியல் பட்டதாரி. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இதை விருந்தாளிகளிடம் பெருமைக்கும் அவளிடம் குத்திக்காட்டவுமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். தை மாதம் அவளுடைய அண்ணன் ஜெகதீஸ்வரன் ஒரு விடுதலைப் பத்திரத்தை அடித்து எடுத்துவந்து மேசைமேல் வைத்தான். பூர்வீகச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. அந்தப் பக்கத்து வீடுகளில் காது குத்துவதைப் போல அதுவும் பெண்பிள்ளைக்கு அந்தந்த வயசில் நடக்கிற ஒரு காரியம். யாரும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதில்லை. தனப்பிரியா படித்துப் பார்த்தாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான் என்று வீட்டில் முடிவானது. சட்டப்படி அவளுக்கு வரவேண்டியது நிறைய. அவள் கேட்டதோ வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஐந்து சென்ட். போர் போடுகிற ரிக் லாரி வைத்திருந்த ஜெகதீஸ்வரனுக்கும் அதே ஐந்து சென்ட்தான் வேண்டும். மழைக்காலத்தில் லாரி நிற்க அங்கே கான்கிரீட் தளம் போட சிமெண்ட் மூட்டைகளை இறக்கியே வைத்துவிட்டான்.

"அஞ்சு சென்ட வெச்சு என்ன புள்ள பண்ணப் போற?" என்றான்.

"காய் வெப்பேன்."

"அந்தச் சுண்ணாம்புக் கல்லுலயா? படிச்சதுல மண்டையே சூடாயிருச்சு உனக்கு."

செல்லமுத்து பேச்சு மாறாத ஆள் என்று ஊரில் பெயரெடுத்தவர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே பேச்சைக் குறைத்துக்கொண்டவர். ரெண்டு பிள்ளைகளையும் பார்த்துவிட்டு ஒரே ஒரு முறை சொன்னார். "அக்னி நட்சத்திரம் கழியற அன்னைக்கு அந்த மண்ணுல பச்சை நின்னுச்சுன்னா அது உனக்கு அம்முணி. நிக்கலைன்னா மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போட்டுரோணும்." அக்னி நட்சத்திரம் வைகாசி பதினாலில் முடிகிறது. அந்த வெயிலில் கருவேலமே சுருண்டு போகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

ஊருக்கெல்லாம் போர் போட்ட ஜெகதீஸ்வரனின் சொந்த வீட்டில் தொள்ளாயிரம் அடி போர் மாசியிலேயே வற்றிவிட்டது. நான்கு நாளுக்கு ஒருமுறை பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வரும். தனப்பிரியா அரிசி கழுவின தண்ணீரையும் ஏனம் கழுவின தண்ணீரையும் ஒரு சொட்டு வீணாக்காமல் பிடித்தாள். செடிக்குப் பக்கத்தில் மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, அடியில் ஓட்டை போட்டுத் துணித்திரி வைத்து, வேருக்கு மட்டும் ஈரம் போகும்படி செய்தாள். மண்மேல் கரும்புச் சோகையை முழ உயரம் பரப்பினாள். அம்மா சாரதாமணியின் பழைய சேலைகளைக் குச்சிகளில் கட்டி நிழல் பண்ணினாள். பொழுது கிளம்புவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றி முடித்துவிட வேண்டும், வெயிலேறிய பிறகு எதையும் தொடக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். சித்திரைக் கடைசியில் கத்தரி பிஞ்சு விட்டது. வெண்டை தினம் ஒரு கைப்பிடி கிடைத்தது. ஜெகதீஸ்வரன் கேலி பேசுவதை நிறுத்தினான். அவன் கேலி பேசியபோதுகூட அவளுக்குப் பயம் வரவில்லை. நிறுத்திய பிறகுதான் வந்தது.

வைகாசி நாலாம் தேதி ராத்திரி அவளுக்கு மாதவிலக்கு வந்தது. அந்த வீட்டில் மூன்று நாள் பெண்கள் வாசல் ஓரத்துச் சின்ன அறையில்தான் இருக்க வேண்டும். தட்டு தனி, பாய் தனி. கூடத்துப் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து தாழ் போட்டுவிடுவார்கள். செடியைத் தொடுவது சாமியைத் தொடுவதற்குச் சமம், கருகிவிடும். மூன்று வருஷம் விடுதியில் இருந்தபோது இதையெல்லாம் மறந்தே போயிருந்தவள் தனப்பிரியா. ஆனால் சாரதாமணி சண்டை போடுகிற பெண் இல்லை, சோறு தின்பதை நிறுத்திக்கொள்கிற பெண். அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. பரமத்தி வேலூரில் அவள் பிறந்த வீட்டுக்கு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அதற்குள் செருப்போடு போகக் கூடாது, தூரமான பெண் போகவே கூடாது. பதின்மூன்று வயதில், உடம்பில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல், அப்பனுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் உள்ளே போய்விட்டாள். அந்த மாதமே நாற்பது சென்ட் கொடியும் அழுகிச் சரிந்தது. அதற்குப் பிறகு அவளை யாரும் வரப்பைத் தாண்ட விடவில்லை. முப்பத்து நாலு வருஷமாகத் தன் கால்தான் அதைக் கொன்றது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

"போன மாசத்து மாதிரியே நான் ஊத்தறேன் சாமி, நீ படு. காத்தால அஞ்சு மணிக்கெல்லாம் ஊத்திப்போடறேன்" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

முதல் நாள் சொன்னபடி ஊற்றினாள். இரண்டாம் நாள் விடியலில் ரிக் லாரி வந்து நின்றது. ஆறு ஆட்களுக்கு இட்லி, குழம்பு, டீ என்று அடுப்பில் நின்றவளுக்குப் பதினொன்றரைக்குத்தான் செடி நினைவு வந்தது. ஓடிப்போய் மாடித் தொட்டியிலிருந்து குழாயைப் போட்டு, அன்போடு, வேர் நனைய, நிறைய ஊற்றினாள். மாடியில் அது கறுப்புத் தொட்டி. கையில் பட்டால் சுடுகிற தண்ணீர். கால் மணி நேரத்தில் செடிகள் கிளம்பிவிட்டன.

அவை எங்கே போகின்றன என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சாரதாமணி கையில் கரண்டியோடு பின்னாலேயே போய், "அந்தப் பக்கம் போவாதீங்க, அவ தூரமா இருக்கறா" என்று சொல்லிப் பார்த்தாள். செடிகள் காதில் வாங்கவில்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்த லாரி ஆட்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். ஒரு தக்காளி சாமி அலமாரிக்குக் கீழே உட்கார்ந்தது, பிறகு எழவில்லை. பீர்க்கங்கொடி தன் சுருளை நீட்டித் தாழ்ப்பாளை நீக்கியது. அரை மணியில் அந்தச் சின்ன அறையில் தனப்பிரியா சுவரோரம் ஒடுங்கி நிற்க வேண்டியதாயிற்று. வேர்களை அவளுடைய தண்ணீர்ச் செம்பிலும் குளியல் வாளியிலும் நனைத்துக்கொண்டு, முப்பத்தேழும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

ஜெகதீஸ்வரன் புறக்கடைக்குப் போய்ப் பார்த்தான். சேலைகளுக்குக் கீழே முப்பத்தெட்டு குழிகள் மட்டும் இருந்தன. அவன் திரும்பி வரும்போது விசில் அடித்துக்கொண்டு வந்தான்.

மூன்று மணிக்குச் செல்லமுத்து வந்தார். கூடத்து மண்ணைப் பார்த்தார், அறையை எட்டிப் பார்த்தார், தோட்டத்துக்கும் போய் வந்தார். "மண்ணுல பச்சை நிக்கோணும்னுதான் பேச்சு. மண்ணுல நிக்குதா?"

"காத்தால நிக்கும் அப்பா. இப்ப வெயிலுங்க."

"காத்தால வரைக்கும் வெறும் மண்ணா கெடந்தா பேச்சு முடிஞ்சுதுங்கப்பா" என்றான் ஜெகதீஸ்வரன்.

செல்லமுத்து யோசித்தார். "இன்னைக்குப் பொழுது உழுகறதுக்குள்ள மண்ணுல நிக்கோணும்" என்றார்.

ஜெகதீஸ்வரன் தானே நல்லவனாக ஒரு கத்தரியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழியில் வைத்து மண்ணையும் தள்ளினான். அவன் கை கழுவி முடிப்பதற்குள் அது அறைக்குத் திரும்பிவிட்டது. அவளோடு மட்டும்தான் அவை போகும் என்பது தெளிவாயிற்று. அறையின் வெளிக்கதவைத் திறந்துகொண்டு வீட்டைச் சுற்றிப் போகலாம் என்று பார்த்தால், பக்கவாட்டுச் சந்தில் ரிக் லாரி சுவரை உரசிக்கொண்டு நின்றது. ஒரு பூனை நுழைய வழியில்லை.

"வண்டிய எடுண்ணா."

"ஹைட்ராலிக் ஆயில் இறக்கி வெச்சிருக்குது. நாளைக்குத்தான் நவுரும்."

அவன் அதைச் சொன்ன வேகத்தில் லாரி ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே வழி. கூடம், சாமி அலமாரி, சமையற்கட்டு, பின்வாசல். தூரமான பெண் யாரும் அந்த வீட்டில் அந்த வழியில் நடந்ததில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மாள் சேதி கேட்டு வந்து முற்றத்தில் நின்றவள், "நடந்தாள்னா செடி கருகிரும், நடக்கலைன்னா நெலம் போயிரும், நல்லா மாட்டுனா படிச்ச புள்ள" என்று யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்.

ஐந்து மணிக்குத் தனப்பிரியா அறையிலிருந்து கூடத்துக்குக் கால் எடுத்து வைத்தாள். செல்லமுத்து நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். செடிகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தன. சாமி அலமாரியை அவள் வேகமாகத் தாண்டவில்லை. குனிந்து, செத்துப்போன தக்காளியை எடுத்துக்கொண்டுதான் தாண்டினாள். சமையற்கட்டு வாசலில் சாரதாமணி இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வேண்டாம் சாமி. எங்கூட்டுக் கொடிக்கால் போன மாதிரி போயிரும். எங்கால் பட்டுத்தான் போச்சு. நான் பாத்தனே."

"உன் காலு இல்லம்மா. அது வாடல் நோய். கொடிக்கால்ல தண்ணி வடியாம தேங்குனா வேர் அழுகும், பூஞ்சணம் அது. அந்த வருஷம் மழையா?"

அந்த வருஷம் காவிரியில் வெள்ளம் வந்து பதினேழு நாள் வயலில் தண்ணீர் நின்றது சாரதாமணிக்கு நினைவு வந்தது. அதையும் கொடிக்காலையும் இத்தனை வருஷத்தில் யாரும் அவளுக்குச் சேர்த்துச் சொன்னதில்லை. சேர்த்துப் பார்த்தால் குற்றம் சொல்ல ஆள் இருக்காது.

"ஏம்மா, அத்தன பேரு சேர்ந்து பதிமூணு வயசுப் புள்ள மேல பழியப் போட்டுட்டுப் போயிருக்காங்க. நீயும் சுமந்துட்டே இருக்கற. நகரு."

அவள் நகரவில்லை. செடிகள் காத்திருந்தன. பொழுது புளியமரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரன் கைப்பேசியில் மணி பார்த்தான், அதைச் சத்தமாகவும் சொன்னான். சாரதாமணி அடுப்புப் பக்கம் திரும்பி எரிந்துகொண்டிருந்த கேஸை அணைத்தாள். பிறகு நிலையிலிருந்து கையை எடுத்து, வரிசையில் நிற்க முடியாமல் தள்ளாடிய ஒரு சின்ன மிளகாய்ச் செடியை முந்தானையில் ஏந்திக்கொண்டு, மகளுக்கு முன்னால் பின்வாசலில் இறங்கினாள்.

குழிகள் இன்னும் கொதித்தன. தனப்பிரியா வாளித் தண்ணீரைக் கையால் தெளித்து ஒவ்வொன்றாக ஆற்றினாள். ஆறிய குழியில் அதனதன் செடி தானாக இறங்கி நின்றது. ஆறு இருபத்தைந்துக்குக் கடைசி வெண்டை இறங்கியது. செல்லமுத்து வந்து எண்ணினார். முப்பத்தேழு.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாட்கள்தான் கஷ்டமானவை. செடிகள் கருகுகின்றனவா என்று பார்க்க ஊரே வந்தது. அங்கம்மாள் தினம் மூன்று வேளை வந்தாள். இலையைப் புரட்டிப் பார்த்து, ஒரு பழுப்பு கண்டால் முகம் மலர்ந்தாள். இரண்டு நாள் எல்லாமே தலை தொங்கி நின்றன. தனப்பிரியா சோறு தின்னவில்லை, தூங்கவில்லை. தண்ணீரை விடியலில் சாரதாமணியும் சேர்ந்து ஊற்றினாள், தொட்டித் தண்ணீரை முதல் நாளே குடத்தில் பிடித்து ஆறவைத்து. பத்தாம் தேதி கத்தரி மறுபடி பூத்தது. பதினாலாம் தேதி செல்லமுத்து மறுபடி எண்ணினார். முப்பத்தேழு. "பேச்சுன்னா பேச்சுதான்" என்றார், மகனைப் பார்க்காமல்.

ஆனி முதல் வாரத்தில் நால்வரும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். விடுதலைப் பத்திரத்தை அடித்த அதே எழுத்தர்தான் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் அடித்தார். நான்கு எல்லைகளைக் கேட்டு எழுதிவிட்டு, நிலத்தில் என்ன நிற்கிறது என்றார்.

"செடி" என்றார் செல்லமுத்து. "வெயில் காலத்துல சில நேரம் ஊட்டுக்குள்ள இருக்கும். பின்னால தகராறு வரக் கூடாது பாருங்க, அதையும் சேர்த்து எழுதிருங்க."

எழுத்தர் நாற்பது வருஷம் தொழில் பார்த்தவர். போக வர வழியுரிமையான தடப் பாத்தியம் இல்லாமல் எத்தனையோ நிலம் முடங்கிப் போனதை அறிந்தவர். மேற்படி ஐந்து சென்ட்டிலும் வெயில் காலங்களில் மேற்படி வீட்டிலும் இருக்கும் செடிகொடிகள் தனப்பிரியாவைச் சேர்ந்தவை என்றும், அவற்றுக்கும் அவற்றை வளர்ப்பவருக்கும் பின்வாசல், சமையற்கட்டு, கூடம் வழியாகப் போக வர மாமூல் தடப் பாத்தியம் உண்டு என்றும் அடித்துக் கொடுத்தார். ஜெகதீஸ்வரன் பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சாரதாமணி மட்டும் மகளிடம் தாளைக் கொடுத்து அந்த வரியைப் படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, "எல்லா நாளும்னு போடுங்க" என்றாள்.

"அது போடாமலே அப்படித்தானுங்க அர்த்தம்."

"இல்லீங்க. போடுங்க."

எழுத்தர் அந்த வரியில் பேனாவால் 'எல்லா நாட்களிலும்' என்று சொருகினார். சொருகலுக்குப் பக்கத்தில் நால்வரும் தனித்தனியாக ஒப்பமிட்டார்கள். சார்பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். செடிகளை நேரில் ஆஜர்படுத்தத் தேவையில்லை என்று சொல்லி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.