ஆணியில் இல்லாத சாவி

அளவு நாடாவின் ஒரு முனையை எழுத்தர் பிடித்திருந்தார், மறுமுனையை லாரிக்காரர். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. தெருவில் எந்த வண்டி இனிமேல் நிற்கக் கூடாது என்று முடிவு கட்டத்தான் இந்த அளவே. அந்த வண்டியின் சொந்தக்காரரே குந்தி உட்கார்ந்து நாடாவைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். ஊராட்சி அலுவலகத்தில் இதற்கென்று தனி ஆள் கிடையாது. எழுத்தரே முனையை ஒரு செங்கல்லுக்கு அடியில் செருகிப் பார்த்தார். அது இரண்டு முறையும் சுருண்டு ஓடிவந்து அவர் விரலையே பதம் பார்த்தது. எதிர்வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்த லாரிக்காரர், "குடுங்க சார், நான் புடிக்கிறேன்" என்று வந்துவிட்டார்.

"பதினோரு அடி" என்றார் எழுத்தர்.

"கரண்ட் கம்பத்துக்கிட்ட பத்துதான் சார் வரும். அங்கயும் ஒரு தடவ பாத்துருங்க. பின்னால யாரும் தப்பா அளந்துட்டீங்கன்னு சொல்லக் கூடாது."

அங்கேயும் பார்த்தார்கள். பத்துதான். லாரிக்காரரின் மினி லாரி அந்தக் கம்பத்துக்கு எதிரேதான் எப்போதும் நிற்கும். லாரியின் அகலம் ஐந்தரை. மீதி நாலரை. ஆம்புலன்ஸுக்கு ஆறரை வேண்டும். எழுத்தர் எல்லாவற்றையும் நோட்டில் வரிசையாக எழுதினார். கையெழுத்து அழகாகத்தான் வந்தது. கணக்குப் பார்க்கத் தெரியாத ஆளுக்குக்கூடப் புரிகிற மாதிரி, எங்கே இரண்டடி குறைந்தது என்று அதில் இருந்தது. நாற்பத்தொரு நாளைக்கு முன்பு அந்த இரண்டடி இல்லாமல் போனதால்தான் எழுத்தரின் மனைவி இன்று இல்லை என்று ஊரே சொல்கிறது.

அந்தத் தெருவுக்கு இதுநாள்வரை எழுதிய சட்டம் எதுவும் கிடையாது. தெருமுனையில் தையல்காரரின் கடை இருக்கிறது. கடைக்கு வெளியே கதவுச் சட்டத்தில் ஆறு ஆணிகள். தெருவில் வண்டியை நிறுத்துகிறவர்கள் சாவியை அதில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். உள்ளே வர வேண்டியவரோ வெளியே போக வேண்டியவரோ சாவியை எடுத்து, வழியில் நிற்கிற வண்டியை நகர்த்திவிட்டு, தன் வண்டியைக் கொண்டுபோய்விட்டு, நகர்த்திய வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, சாவியைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். பதினைந்து வருஷமாக ஒரு சாவி தொலைந்ததில்லை. கார் ஓட்டவே பயப்படுகிற தையல்காரர்கூட இந்த ஆணிகளின் தயவில் லாரியைப் பின்னால் எடுக்கப் பழகிவிட்டார். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், தெருவில் சண்டை இல்லையே.

அன்றைக்கு மத்தியானம், மனைவிக்கு நெஞ்சை ஏதோ பிசைகிறது என்று போன் வந்ததும் எழுத்தர் அலுவலகத்திலிருந்து காரை எடுத்துக்கொண்டு பறந்து வந்தார். கம்பத்துக்கு எதிரே லாரி நின்றது. இரவெல்லாம் காய்கறி ஏற்றிப் போய் வந்த லாரிக்காரர் தன் வீட்டுக்குள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். எழுத்தர் மூன்றாவது ஆணியிலிருந்து சாவியை எடுத்தார், லாரியை வெளியே எடுத்தார், காரைத் தன் வீட்டு வாசல்வரை கொண்டுபோனார், லாரியைப் பழையபடி கம்பத்துக்கு எதிரே நிறுத்தினார். எல்லாம் முறைப்படிதான் செய்தார். சாவியை மாட்ட மட்டும் தெருமுனைக்கு நடக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது லாரியை மறுபடி நகர்த்தத்தானே போகிறோம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. உள்ளே போனால், மனைவி குளியலறையில் விழுந்து கிடந்தாள்.

அவரால் தூக்க முடியவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். அது சீக்கிரமே வந்துவிட்டது. தெருமுனையில் நின்று அலறியது. தூக்கத்திலிருந்து எழுந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிய லாரிக்காரர், வெற்று ஆணியைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "சாவியக் காணோமே! சாவியக் காணோமே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்குள் ஓடினார், தலையணையை உதறினார், வண்டிக்கு அடியில் தவழ்ந்து தேடினார். கடைசியில் நாலு பேர் சேர்ந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் தூக்கினார்கள். கம்பத்துக்கும் லாரிக்கும் நடுவில் நாற்காலி மாட்டிக்கொண்டது. சாய்த்து, திருப்பி, பின்வாங்கி, மறுபடி சாய்த்து எடுத்தார்கள். எழுத்தர் மனைவியின் தலையைத் தாங்கியபடி கூடவே வந்தார். 'சாவியக் காணோமே' என்பது அவர் காதில் விழுந்தது. ஆனால் தன் பையில் கனக்கிற இரும்புக்கும் அந்தக் கூச்சலுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. ஒரு கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால், என்றார் மருத்துவர்.

மூன்றாம் நாள் துவைக்கப் போட்ட சட்டையில் சாவி கிடைத்தது. சிவப்புக் கயிறு கட்டிய சாவி. அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அழுகை வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாவியை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேசை இழுப்பறையில், முத்திரை மைப்பெட்டிக்குக் கீழே வைத்தார். அவள் இறந்த மறுநாளே சாவி செய்கிற ஆளைக் கூட்டிவந்து லாரிக்காரர் வேறு சாவி செய்துகொண்டதால் யாரும் பழையதைத் தேடவில்லை. அவர் சாவியை மாட்ட மறந்துவிட்டுத் தூங்கிவிட்டார், தூக்கக் கலக்கத்தில் எங்கேயோ போட்டுவிட்டார் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. லாரிக்காரரும் அதைத்தான் நம்பினார்.

சொல்லிவிடலாம் என்று எழுத்தர் நினைக்காமல் இல்லை. முதல் வாரம் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டாம் வாரம் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்வதற்கு வாய் வேண்டும், வாய் திறக்க மனசு வேண்டும், அவருக்கோ தேநீரில் சர்க்கரை இல்லையென்று முழுதும் குடித்து முடித்த பிறகும் தெரியவில்லை. வெளியூரில் வேலை பார்க்கிற மகள் தினமும் போன் செய்தாள். "சாப்டீங்களாப்பா?" என்று ஆரம்பித்து, "அந்த லாரிக்காரன விட்றாதீங்கப்பா. அம்மாவ அவன்தான் கொன்னான்" என்று முடிப்பாள். "சரிம்மா" என்பார். இரண்டுக்கும் ஒரே பதில்தான்.

புதன்கிழமை விதிகளைத் தட்டச்சு செய்தார். ஊராட்சித் தலைவி மாவு மில் நடத்துகிறவர். மில் சத்தத்தில் பேசிப் பழகி, பக்கத்தில் இருப்பவரிடமும் எதிர்க் கரையில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். அவர் நின்றுகொண்டே சொல்லச் சொல்ல எழுத்தர் அடித்தார். ஒன்று, வண்டிகளைத் தெருவின் இடப்பக்கம் மட்டுமே நிறுத்த வேண்டும். இரண்டு, தெருமுனையிலிருந்து முப்பது அடிக்குள் எதுவும் நிற்கக் கூடாது. மூன்று, சரக்கு வண்டிகள் எந்த நேரத்திலும் தெருவுக்குள் வரக் கூடாது. நான்கு, சாவிகளைப் பொது இடத்தில் மாட்டும் பழக்கம் இன்றோடு ஒழிக்கப்படுகிறது. அதற்குக் கீழே, விதிகளுக்கான காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பச் சொல்லிவிட்டுத் தலைவி மில்லுக்குப் போய்விட்டார். 'ஒரு சரக்கு வண்டி உரிமையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த உயிரிழப்பை முன்னிட்டு' என்று எழுத்தர் அடித்தார். ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்தார். இல்லை.

வெள்ளிக்கிழமை லாரிக்காரர் அலுவலகத்துக்கு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு வந்து நின்றார். நாற்பது நாளில் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வீடு காலி பண்றோம் சார். மாசக் கடைசில. உங்ககிட்ட சொல்லாம போனா நல்லா இருக்காதுன்னு வந்தேன்."

"ஏன்? வண்டிய மைதானத்துல போட்டுக்கலாமே."

"வண்டிக்காக இல்ல சார்." லாரிக்காரர் தரையைப் பார்த்தார். "வீட்டுக்கும் ஆணிக்கும் நடந்து நடந்து பாக்குறேன். மாட்டுன மாதிரிதான் இருக்கு. கை தூக்குனது ஞாபகம் இருக்கு, கயிறு ஆடுனதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா சாவி இல்லையே. அப்ப முந்தின நாள் மாட்டுனத நெனச்சுக்குறேனோ என்னமோ. படுத்தா தூக்கம் வர்றதில்ல. வண்டி ஓட்டுறப்ப கை சட்டப்பையிலயே இருக்கு. பொண்டாட்டி, பைத்தியம் புடிச்சிரும், வா போயிரலாம்ங்குறா."

அவர் அழவில்லை. எழுத்தருடைய முழங்கால் இழுப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இழுத்தால் போதும், ஒரு சாண் தூரம். எழுத்தர் தன் கையைப் பார்த்தார். அது மேசைமேல் இருந்த காகிதங்களைத் தட்டிச் சமமாக அடுக்கிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கெழம கூட்டம். வந்துருங்க" என்றது அவர் வாய்.

"வராம இருப்பனா சார்."

லாரிக்காரர் போன பிறகு எழுத்தர் இழுப்பறையைத் திறந்தார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் கூட்டம். ஐந்தாம் வகுப்பு அறை. பெரிய பெரிய ஆட்கள் சின்னப் பெஞ்சுகளில் முழங்காலை மடக்க இடமில்லாமல் திணறி உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தர் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று விதிகளை வாசித்தார். ரேஷன் பட்டியல் வாசிக்கிற அதே குரல். காரணத்தை வாசிக்கும்போது முன்வரிசையில் ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவம், எப்படித்தான் தாங்கிக்கொண்டு வாசிக்கிறாரோ என்று யாரோ யாரிடமோ சொன்னது கேட்டது. தாங்குவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, அதுதான் விஷயம்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று தலைவி கேட்டார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். "அப்ப ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க. கிளார்க் சார், எண்ணிச் சொல்லுங்க."

கைகள் எழுந்தன. எழுத்தர் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து எண்ணினார். தையல்காரர் தன் ஆணிகளுக்கு எதிராகத் தானே கை தூக்கியிருந்தார், விரலில் விரலுறை அப்படியே இருந்தது. பாதிப் பேர் காதளவுக்குத்தான் தூக்கியிருந்தார்கள், பேருக்கு. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. கடைசி பெஞ்சில் சுவரோரமாக லாரிக்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். மனைவி கையை மடியில் வைத்திருந்தாள். லாரிக்காரர் மட்டும் முழங்கை மடங்காமல், உள்ளங்கை விரித்து, கையை நேராகத் தூக்கியிருந்தார்.

எழுத்தர் நின்றுவிட்டார்.

"தம்பி, நீங்க எதுக்குத் தூக்குறீங்க?"

"நியாயம்தானே சார்."

முப்பத்திரண்டு என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் கூட்டம் முடிந்திருக்கும், எல்லோரும் கலைந்து போயிருப்பார்கள், மாதக் கடைசியில் எதிர்வீடு பூட்டிக்கிடந்திருக்கும். எழுத்தர் வாயைத் திறந்தார்.

"சாவி என்கிட்ட இருந்துச்சு" என்றார்.

"எத்தனைன்னு சொல்லுங்க சார்" என்று முன்னாலிருந்து தலைவி கத்தினார்.

"சாவி என்கிட்ட இருந்துச்சும்மா." அதே ரேஷன் பட்டியல் குரல்தான், கொஞ்சம் உரக்க. "அன்னைக்கு மத்தியானம் நான்தான் லாரிய எடுத்து விட்டேன். திரும்பப் போகணுமேன்னு சாவிய மாட்டல. சட்டப்பையில போட்டேன். ஆம்புலன்ஸ் வந்தப்ப இங்க இருந்துச்சு." பையைத் தொட்டுக் காட்டினார். பிறகு சாவியை எடுத்து லாரிக்காரருக்கு முன்னால் பெஞ்சின் மேல் வைத்தார். "மூணாம் நாளே தெரியும். சொல்லல."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மனசு சரியில்லாம பேசுறாரு, கூட்டிட்டுப் போங்க என்று யாரோ ஆரம்பித்து, சாவியைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தையல்காரர் எட்டிப் பார்த்து, சிவப்புக் கயிற்றைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார். எழுத்தர் அங்கேயே நின்றார். லாரிக்காரர் அடிப்பார் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார், எங்கேயாவது வலிக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

லாரிக்காரர் எழுந்திருக்கவில்லை. சாவியையும் தொடவில்லை.

"அப்ப நான் மாட்டுனேனா சார்?"

"மாட்டுனீங்க."

"ஆணியில?"

"ஆணியிலதான். மூணாவது ஆணி. கயிறு வெளிப்பக்கமா தொங்குச்சு. நான்தான் எடுத்தேன்."

"மாட்டுனேனாம்" என்று லாரிக்காரர் பக்கத்தில் இருந்த மனைவியிடம் திரும்பிச் சொன்னார். "கேட்டியா? நான் மாட்டிட்டுதான் வந்து படுத்தேனாம்." பிறகு முன்பெஞ்சுக்காரரின் தோளைத் தொட்டு அவரிடமும் சொன்னார். "மாட்டிட்டேங்க. நான் மாட்டிட்டேன்." சொல்லச் சொல்ல அவர் முகம் கோணிக்கொண்டு போனது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, இடது கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. அறையில் எல்லோருடைய கையும் எப்போதோ இறங்கிவிட்டது. அவருடைய வலது கை மட்டும், இறக்கச் சொல்லி யாரும் சொல்லாததால், இன்னும் தலைக்குமேலே நேராக நின்றுகொண்டிருந்தது.