கதவுக்கு முட்டுக் குடுத்த கட்டை

எங்க பட்டறையில இரும்ப வெட்டற மில்லிங் மிஷின் ஓட்டறது நான். வேலைய மிஷின்ல புடிச்சு நிறுத்தறது, அளந்து பாக்கறது எல்லாம் சின்னவ, என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரங்க, அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஆரம்பிச்ச பட்டறை. அவங்க போய்ச் சேந்தப்புறம் நாங்க ரெண்டு பேருமா பதினோரு வருஷம் ஓட்டினோம். அப்புறம் அவளுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. அவ மகன் வந்து தன்னோட ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்.

கிளம்பற அன்னிக்கு வாசல்ல நின்னு, "தனியா சமாளிச்சுருவியாக்கா?"ன்னா. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கே! "நீ இல்லாட்டா மிஷின் சுத்தாதா என்ன?"ன்னுட்டேன். "சுத்தும் சுத்தும்"னு சொல்லிட்டு கார்ல ஏறிட்டா. அதோட ஏழு மாசம். அவளும் போன் பண்ணல, நானும் பண்ணல.

காலையில ஷட்டரத் தூக்கறப்ப மிஷினப் பாத்து "எந்திரிடா"ம்பேன். சாயந்திரம் வரைக்கும் நான் பேசற பேச்சு சில நாள் அவ்வளவுதான். டீ இன்னமும் ரெண்டு டம்ளர் போட்டுருவேன், கைப்பழக்கம். வீணாக்கக் கூடாதுன்னு ரெண்டாவதையும் நானே குடிச்சுருவேன்.

போன வாரம் ஒருத்தர் வந்தார். புல்வெட்டி மிஷின வாடகைக்கு விடறவர். நாலு ஸ்லீவு கொண்டு வந்தார். ஸ்லீவுன்னா வேற ஒண்ணுமில்ல, இன்ஜினுக்குள்ள பிஸ்டன் ஏறி இறங்கற குழாய். சின்ன இன்ஜின், அதனால குழாயும் உள்ளங்கையில அடங்கிரும். சுவரு அப்படி மெல்லிசு. அதோட வயித்துல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், அத கொஞ்சம் அகலமாக்கணும். "இந்த சைசு இப்ப எங்கயும் கிடைக்கறதில்லம்மா, பாத்து"ன்னுட்டுப் போனார்.

பாத்துதான் பண்ணேன். கீறல் விழக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் செம்புத் தகடு வச்சு, வைஸ் இடுக்கியில லேசா புடிச்சேன். கட்டர் பட்டதும் குழாய் படக்குனு சுழண்டு, ஜன்னல் ஓரம் பேந்துபோச்சு. சரி, ரெண்டாவத இறுக்கிப் புடிச்சேன். வெட்டு அழகா வந்துச்சு. கழட்டி அளந்து பாத்தா வட்டமே இல்ல, முட்டை. லேசாப் புடிச்சா சுழலுது, இறுக்கிப் புடிச்சா நசுங்குது. நான் என்னதான் பண்ணட்டும்?

ரெண்டுதான் மிச்சம். இதுவும் போனா அந்த மனுஷன் மூஞ்சில எப்படி முழிக்கறது? போன எடுத்தேன். வேலைக்காகத்தான் பண்றேன், வேற எதுக்கும் இல்லன்னு எனக்கு நானே நாலு தடவ சொல்லிக்கிட்டேன்.

"என்னக்கா, மிஷின் சுத்தலையா?" எடுத்ததும் அதான் கேட்டா. எத்தன நாளா வச்சிருந்தாளோ!

"மிஷின் நல்லாத்தான் சுத்துது. ஸ்லீவும் சேந்து சுத்திருச்சு."

"எதுல புடிச்ச?"

"வைஸ்ல."

"விளங்கும்! ஸ்லீவோட இடுப்பப் புடிக்காதக்கா. தலையையும் பாதத்தையும் புடி. மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு, நடுவுல நீள போல்ட்டு. வைஸ் அந்தத் தட்டத்தான் புடிக்கணும், ஸ்லீவத் தொடவே கூடாது. நீலப் பெட்டியில பாரு, செஞ்சு வச்சிருக்கேன்."

"தட்டு ரெண்டும் இருக்கு. போல்ட்டு இருக்கு."

"கட்டை?"

"என்ன கட்டை?"

"ஸ்லீவுக்குள்ள போற மரக்கட்டைக்கா, நடுவுல ஓட்ட போட்டது. அது உள்ள இருந்தாத்தான் சுவரு அதிராது."

நான் திரும்பி பின்கதவப் பாத்தேன். "காத்துக்கு அடிச்சுக்குதுன்னு கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்டி."

"எப்பருந்து?"

"நீ போனதுலேருந்து."

"நல்லவேளை, அடுப்புல வைக்காம விட்டியே!"

கட்டை ஒரு பக்கம் நசுங்கியிருந்துச்சு. பேப்பரச் சுத்தி உள்ள தள்ளச் சொன்னா. "போல்ட்ட கையால முறுக்கு, அப்புறம் ஸ்பானர்ல கால் சுத்து. உன் கோவத்தையெல்லாம் அதுல காட்டாத."

"எனக்கென்னடி கோவம்?"

"எனக்கென்ன தெரியும்? போன மிஷின் பக்கத்துல வை. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

வெட்ட ஆரம்பிச்சேன். "வேகமாத் தள்ளற"ன்னு அங்கேருந்து சத்தம் போடறா. கையத் தளத்தினேன். கட்டர் சுவரத் தாண்டி மரத்தத் தொட்டதும் சத்தம் மெத்துனு ஆச்சு. "போதும் போதும், நிறுத்து." கழட்டி அளந்தேன். குறுக்கயும் அளந்தேன். அளவுக் கருவியோட முள்ளு நகரல. மிச்சமிருந்த இன்னொண்ணும் அதே மாதிரி.

"இன்னும் எத்தன இருக்குக்கா?"

மேஜையில கெட்டுப்போன ரெண்டத் தவிர வெட்ட வேற ஒண்ணும் இல்ல.

"மூணு"ன்னேன்.

"அப்ப மாட்டு."

ஸ்லீவு இல்லாம வெறும் தட்டையும் கட்டையையும் மாட்டினேன். மிஷினப் போட்டு, கட்டர எதுலயும் படாம தூக்கி வச்சுக்கிட்டு கைப்பிடியச் சுத்தினேன். அவ பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தா. மகன் வீடு ஆறாவது மாடியாம். காலையில எல்லாரும் கிளம்பிட்டா வாஷிங் மிஷின் ஒண்ணுதான் துணையாம். "அதுல பேரிங் போயிருச்சுக்கா. சத்தத்த வச்சே தெரியுது. சொன்னா யாரு நம்பறா?"

நான் கைப்பிடிய இன்னொரு சுத்து சுத்தினேன்.

"அக்கா."

"ம்?"

"காத்தத்தான வெட்டிக்கிட்டிருக்க?"

கைப்பிடியில வச்ச கை அப்படியே நின்னுபோச்சு. மிஷின் மட்டும் சுத்துது.

"இன்னும் மூணு இருக்குன்னியே?"ன்னா.

"ஆமா."

"அப்ப மெதுவாவே வெட்டு. எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல."

நான் திரும்ப கைப்பிடியச் சுத்த ஆரம்பிச்சேன்.