கவுச்சி போகக் கழுவிய கறி

செய்ஜி முரநாகாவின் யாகிதோரிக் கடையில் மொத்தம் எட்டு நாற்காலிகள். குருமே நகரத்தில் தடுக்கி விழுந்தால் கோழியைக் குச்சியில் கோத்துச் சுடும் ஒரு கடையில்தான் விழ வேண்டும். அத்தனை கடைகளுக்கு நடுவிலும் இந்த எட்டு நாற்காலிகள் காலியாக இருந்ததில்லை. காரணம் கேட்டால் செய்ஜி வாயைத் திறக்கமாட்டார். வாடிக்கைக்காரர்களில் யாராவதுதான் சொல்வார்கள்: "மாஸ்டர் சுடுற ஈரல்ல கவுச்சின்னு ஒண்ணு இருக்கவே இருக்காது."

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் முக்கால் கிலோ எடையுள்ள ஒரு பிராணி தண்ணி காட்டியது.

அது ஒரு ஃபெரெட். கீரிப்பிள்ளையைக் கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மண்ணுக்குள் நீளமாக இறங்கும் கோபோ என்ற பழுப்புக் கிழங்கின் பெயரையே செய்ஜியின் மனைவி கனாயே அதற்கு வைத்துவிட்டாள். மகன் வேலை கிடைத்து நகோயாவுக்குப் போன வருஷம் வாங்கியது. கனாயேயின் சட்டைக் கைக்குள் புகுந்து கழுத்து வழியாகத் தலையை நீட்டும். செய்ஜியை மட்டும் ஏதோ ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய்விடும். நான்கு வருஷமாக இதே கதைதான். அவர் வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

அந்த வசந்தத்தில் கோபோவுக்கு வயிறு கெட்டது, வால் முடி கொட்டியது. பாக்கெட் தீனியில் இருக்கும் மாவு அதன் குடலுக்கு ஒத்துவரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைக் கறிக்கு மாற்ற வேண்டும் என்று டாக்டர் ஓட்சுபோ அம்மாள் சொன்னார். சொன்ன வாரமே கனாயே இடுப்பு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

செய்ஜி, "நீ கவலைப்படாதே, முப்பது வருஷமா கோழியோட மாரடிக்கிறேன், ஒரு எலிக்கு ஊட்டத் தெரியாதா எனக்கு?" என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

"அது எலி இல்லைங்க" என்றாள் கனாயே. "நான் திரும்பி வரும்போது அது இருக்கணும். அவ்வளவுதான் நான் கேக்குறது."

டாக்டர் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தார். வாயாலும் சொன்னார்.

"வெறும் சதையாப் போட்டுடாதீங்க. எலும்போட அரைச்ச இறக்கை, இதயம், கொஞ்சூண்டு ஈரல், மூணும் சேரணும். பாக்கெட் தீனியைப் பாதியாக் குறைங்க. அதையே பொடிச்சுக் கறி மேல தூவுங்க, தெரிஞ்ச வாசத்தை நம்பித்தான் புதுசுல வாய் வைக்கும். கறியைத் தொட்ட கையை நல்லாக் கழுவுங்க. தினம் எடை பாருங்க. இப்ப இவ எழுநூத்தி எண்பது கிராம் இருக்கா. அறுநூத்தி எண்பதுக்குக் கீழ போச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்திட்டுத் தூக்கிட்டு ஓடி வந்துடுங்க. அப்புறம் குழாய் போட்டுத்தான் உள்ள இறக்கணும். இவ இருக்கிற நெலமைக்கு அது தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

செய்ஜி தன் தொழில் திறமை முழுவதையும் இறக்கினார். காலை பத்து மணிக்குக் கடையில் வேலை ஆரம்பம். அன்றைக்கு வந்த கோழியில் முதல் தரமானதைக் கோபோவுக்கென்று எடுத்து வைப்பார். இரண்டு மணிக்குக் கறி வெட்டும் வேலை முடிந்ததும், வழக்கம்போல் பக்கத்துத் தெருவிலிருக்கும் பொதுக் குளியலகத்தில் தேய்த்துக் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு வீடு வருவார். மாலைக் கடை முடிந்து இரவு திரும்பும்போதும் அங்கே குளித்துவிட்டுத்தான் வருவார். கறியை இளஞ்சூடாக்கி, பொடி தூவி, தட்டில் வைப்பார்.

கோபோ வரும். மோந்து பார்க்கும். மேலே இருக்கும் பொடியை மட்டும் நக்கிவிட்டுத் தட்டை மூக்கால் தள்ளிவிட்டுப் போய்விடும்.

முதல் வாரம் முடிகையில் எழுநூற்று முப்பத்தைந்து. கனாயே மூன்றரை மணிக்குத் தொலைபேசியில் கேட்டாள்.

"எவ்வளவுங்க?"

"எழுநூத்தி எழுபது."

சொல்லிவிட்டு அவரே தன் வாயை நொந்துகொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொன்னதாக நினைவில்லை. சொல்லும் அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

இரண்டாவது வாரம் பொடியை அதிகமாக்கினார். இறக்கையை மூன்று முறை அரைத்தார். ஈரலைத் துளியாக்கி விரல் நுனியில் வைத்து அதன் உதட்டில் தடவினார். கோபோ தலையை உதறித் தரைவிரிப்பில் வாயைத் துடைத்துக்கொண்டது. எழுநூற்று ஐந்து. டாக்டருக்குப் போன் செய்தார்.

"கறியை என்ன பண்ணிக் கொடுக்குறீங்க?"

"ஒண்ணும் பண்ணலை டாக்டர். நீங்க சொன்ன மாதிரி பச்சையா, அப்படியே."

"உப்பு, சாஸ்?"

"சத்தியமா இல்லை."

"விசித்திரமா இருக்கே" என்றார் டாக்டர். "இன்னும் ரெண்டு நாள் பாருங்க."

கடையில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் கோமோரி அவருடைய முகத்தைப் பார்த்துத் துருவித் துருவிக் கேட்டு விஷயத்தைக் கறந்துவிட்டார். வினிகர் தெளித்த முட்டைக்கோஸைக் கடித்துக்கொண்டே, "ஊரே வரிசையில நிக்குது, வீட்டு எலி மட்டும் கடையை மாத்திட்டுதாமே மாஸ்டர்?" என்றார். எட்டு நாற்காலிகளும் சிரித்தன. செய்ஜிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை தராசு அறுநூற்றுத் தொண்ணூறு என்று காட்டியிருந்தது.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு மர்மம். கடையில் கழுத்தில் போட்டிருக்கும் துண்டுகளைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து துவைப்பது வழக்கம். அவை குறைந்துகொண்டே போயின. கனாயே இருக்கும்போதே, "வருஷத்துக்கு நாலு துண்டை எங்கதான் தொலைப்பீங்களோ" என்று அலுத்துக்கொள்வாள். கடையில் விட்டிருப்பேன் என்று அவரும் சொல்லி வைப்பார்.

மறுநாளும் தராசில் அதே அறுநூற்றுத் தொண்ணூறுதான். அன்று குளியலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கொதிகலன் பழுது, ஒரு வாரம் விடுமுறை. செய்ஜி கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறு வழியில்லாமல், கழுத்துத் துண்டும் கறைபட்ட ஏப்ரனுமாக, முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைந்தார்.

செருப்பைக் கழற்றுவதற்குள் கோபோ வந்துவிட்டது. நடந்து வரவில்லை, வளைந்து துள்ளித் துள்ளி வந்தது. அவருடைய காலைப் பிடித்து ஏறியது. ஏப்ரனை மோந்தது, நகக்கண்ணை நக்கியது, கழுத்துத் துண்டைப் பல்லால் பிடித்துக் கீழே இழுத்தது. செய்ஜி அசையாமல் நின்றார். நான்கு வருஷத்தில் அந்தப் பிராணி அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை.

துண்டு கழுத்தை விட்டு நழுவியதும் கோபோ அதை இழுத்துக்கொண்டு செருப்பு அலமாரிக்குப் பின்னால் ஓடியது. செய்ஜி மண்டியிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். அந்த இடுக்கில் பதினாறு துண்டுகள், மெத்தை மாதிரி அடுக்கிக் கிடந்தன.

இதற்குப் பிடித்தது இந்தக் கவுச்சி வாசம்தானோ என்று அவருக்குள் குடைய ஆரம்பித்தது. அப்படியே கடைக்குத் திரும்பிப் போனார். சாயங்காலத்துக்காக வைத்திருந்த பொட்டலத்திலிருந்து கழுவாத இதயம் இரண்டை எடுத்து வந்தார். சமையலறைத் தரையில் மூன்று சாஸர்கள் வைத்தார். முதலாவதில் தினமும் கொடுத்துவந்த கறி. இரண்டாவதில் ஒரே ஒரு முறை தண்ணீரில் அலசிய இதயம். மூன்றாவதில் உள்ளே உறைந்த ரத்தத்தோடு, பொட்டலத்திலிருந்து எடுத்தபடியே ஒன்று. அதை அப்படி வைக்க அவருக்குக் கை கூசியது. ஒரு வாடிக்கைக்காரருக்கு இப்படி வைப்பதற்குப் பதில் அவர் கடையையே மூடிவிடுவார்.

கோபோ முதல் சாஸரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டாவதில் ஒரு நொடி நின்றது. மூன்றாவதைக் கவ்விக்கொண்டு மூலைக்குப் போய், முன்காலால் அழுத்திப் பிடித்து, கடைவாயால் சவைத்துச் சவைத்துத் தின்றது. தின்றுவிட்டுத் திரும்பி வந்து அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையில் நாற்காலி இல்லை.

செய்ஜி டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், தின்னுட்டுது. ஆனா... கழுவாததைத்தான் தின்னுது."

"கழுவாததுன்னா? இத்தனை நாள் கழுவியா கொடுத்தீங்க?"

"அது எப்பவும் செய்யுறதுதானே. இதயத்தைக் கீறி ரத்தக்கட்டை எடுத்துடுவேன். உப்புத் தண்ணியில மூணு தடவை. அப்புறம் பால்ல அரை மணி நேரம். கடைசியா ஐஸ் தண்ணியில ஒரு முறை, துணியால ஒத்தி எடுத்து..."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"முரநாகா சான், இதுக்குப் பேருதான் ஒண்ணும் பண்ணலையா?"

"கோழியைக் கழுவுறது ஒரு வேலையா டாக்டர்? மூச்சு விடுறதையா சொல்லச் சொல்றீங்க?"

டாக்டர் சிரித்தேவிட்டார். "இவளுக்கு இதயத்துல வேண்டிய சத்தே தண்ணியில கரைஞ்சு போற சமாச்சாரம். அது பாதி சாக்கடைக்குப் போச்சு. வாசமும் கூடவே போச்சு. நீங்க வச்சது அவளுக்குக் கறியே இல்லை, ஈரமான ரப்பர். இனிமே உங்க கையைக் கழுவுங்க, கறியை விட்டுடுங்க. ஆனா புதுக் கறிக்கு இவ்வளவு சட்டுனு யாரும் மயங்கமாட்டாங்களே. இந்த வாசம் அவளுக்கு முன்னாடியே பழக்கமா?"

செய்ஜி செருப்பு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாலு வருஷமாப் பழக்கம்" என்றார்.

அன்று மூன்றரை மணிக்குக் கனாயே கேட்டபோது, அறுநூற்றுத் தொண்ணூறு என்ற உண்மையைச் சொன்னார். சொன்ன பொய்யையும் சொன்னார். அவள் கோபப்படவில்லை. "தின்னுதுல்ல?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலை கறி மேல் தூவப் பொடி தேவைப்படவில்லை.

கனாயே ஊன்றுகோலோடு வீடு வந்த நாளில் கோபோ எழுநூற்று நாற்பது கிராம் இருந்தது. வால் நுனியில் புது முடி அரும்பியிருந்தது. அவள் மடியில் அதைப் போட்டுக்கொண்டு பதினாறு துண்டுகளின் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"ஏங்க, தினம் எதுக்குக் குளிச்சிட்டே வீட்டுக்கு வர்றீங்க? நம்ம வீட்டுலயும் தொட்டி இருக்கே."

"நீதானே சொன்னே" என்றார் செய்ஜி. "கல்யாணம் ஆன புதுசுல. கிட்ட வராதீங்க, கோழி நாத்தம் குடலைப் புரட்டுதுன்னு."

கனாயே அவரை வெறித்துப் பார்த்தாள்.

"பையன் வயித்துல இருந்தான் அப்ப. எனக்குச் சோறு வாசமே ஆகலை. மசக்கைங்க அது. ஒரு மாசம். ஒரே ஒரு தடவை சொன்னேன்."

செய்ஜி தன் கையைத் திருப்பி மோந்து பார்த்தார்.

"வீட்டுக்கு வரப் பிடிக்காமத்தான் அங்க போய் உக்காந்துக்கிறீங்கன்னு நான் நினைச்சேன்" என்றாள் கனாயே. "இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சேன்."

மறுநாள் இரண்டு மணிக்குக் குளியலகத்துக்காரர் வாசலில் நின்று, கொதிகலன் புதுசு, தண்ணீர் பிரமாதமாக இருக்கிறது என்று கூப்பிட்டார். செய்ஜி கும்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்கு நடந்தார். கதவைத் திறந்ததும் கோபோ காலைப் பிடித்து ஏறியது. உள்ளேயிருந்து ஊன்றுகோல் சத்தம் மெல்ல வந்து அவருக்கு எதிரே நின்றது. கனாயே அவர் கழுத்திலிருந்த துண்டின் ஒரு முனையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"கோழிதான்" என்றாள். துண்டை அவள் விடவில்லை. இன்னொரு முனையைக் கோபோ இழுத்துக்கொண்டிருந்தது.