அணைக்கக் கூடாது

ஓடையில் மூன்று முறை முழுகி எழுந்த ஜீவானந்தம், ஈர வேட்டியோடு வீட்டுப் பக்கம் திரும்பாமல் எஸ்டேட் ஆபீஸ் பாதையில் ஏறினான். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள்.

"மாப்ள, அங்க எங்க போறே?" என்றார் அவன் மனைவி வெண்ணிலாவின் பெரியப்பா அங்கப்பன். "குழியில மண்ணுப் போட்டுட்டு நேரா ஊட்டுக்கு வந்து வெளக்கப் பாக்கோணும். வெளிநாடு போயிட்டா இதெல்லாம் மறந்து போயிருமா?"

"வந்தர்றனுங்க."

கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. காலையில் வந்து இறங்கியதுமே மாமியார் அத்தாயியிடம் கேட்டான். "செவ்வாக்கெழம என்ர காகிதம் வந்துச்சுன்னு சொன்னாளாங்க, அத்தை?" அவள் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் காயிதம் சாமி?" என்று மறுபடி அழத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவனுக்குப் போலந்தில் வேலை. ஊர் ஊராகப் போய்க் குளிர்பதனக் கிடங்குகளின் இயந்திரங்களைப் பழுதுபார்க்க வேண்டும். வெண்ணிலாவுக்கு மலைமேல், மஞ்சக்குட்டை ஊருக்கும் மேலே ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் வேலை. அங்கே செல்போன் எடுக்காது. ஆனால் ஃபேக்ஸ் மெசின் ஒன்று இருந்தது. பெங்களூரில் இருக்கும் வயதான முதலாளி, அன்றன்றைய மழையளவைத் தாளில் பார்த்தால்தான் நம்புவார். போலந்து போன முதல் வருஷமே ஜீவானந்தம் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டான். கையால் எழுதுவான். போனில் படம் பிடிப்பான். மின்னஞ்சலை ஃபேக்ஸாக மாற்றித் தரும் சேவை ஒன்றுக்கு, ஆபீஸின் ஃபேக்ஸ் எண்ணையே முகவரியாகப் போட்டு அனுப்புவான். எந்த ஊர் விடுதியில் இருந்தாலும், அடுத்த நிமிஷம் அது அவள் மேசையில் தாளாக வந்து விழும். சாயங்காலம் வீடு வந்ததும் கூப்பிட்டுச் சண்டை பிடிப்பாள். "ரைட்டரண்ணன் படிச்சுப்போட்டாரு. ஏனுங்க இப்படி மானத்த வாங்கறீங்க?"

போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே சண்டை. இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றான். "போட்டுக்கங்க. அப்பறம் என்னயக் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டாள். பிறகு போனை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பக்கம் எழுதி அனுப்பினான். போய்ச் சேர்ந்தது, பக்கம் ஒன்று என்று அந்தச் சேவையிலிருந்து பதில் வந்தது. அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. புதன்கிழமை காலையில் ஆபீஸிலேயே தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மூளையில் ரத்தக்கசிவு என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எஸ்டேட் ஜீப் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. முப்பது வயது.

விமானத்தில் அந்தப் பதிலையே படித்துக்கொண்டு வந்தான். அதில் இருந்தது போலந்து நேரமா, இந்திய நேரமா என்று குழம்பிவிட்டது. கூட்டிப் பார்த்தான், கழித்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் செவ்வாய்தான். அப்படியானால் படித்திருப்பாள். படித்தும் ஏன் கூப்பிடவில்லை?

"தம்பி, நில்லு. சாவி என்ர கிட்ட இருக்குது." எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏசுராஜ் மூச்சு வாங்க ஏறி வந்தார்.

கதவைத் திறந்தார். அவள் நாற்காலி மேசையை விட்டுச் சற்று விலகிக் கிடந்தது. மேசைமேல் மழை அளக்கும் கண்ணாடிக் குவளை. மூலையில் மெசின். அதில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

"ரைட்டரண்ணா, செவ்வாக்கெழம ஒரு ஃபேக்ஸ் வந்துச்சே. அவ படிச்சாளா?"

ஏசுராஜ் விளக்கைப் பார்த்தபடி நின்றார். "திங்கக்கெழமயே ரோல் தீந்துபோச்சு தம்பி. தாள் இல்லீன்னா வர்றத இது உள்ளயே வெச்சிருக்கும். ஒரு பக்கம் நிக்குதுன்னு புள்ளைக்குத் தெரியும். வெளிநாட்டு நம்பரு, அவருதானுங்கண்ணான்னு சொன்னா."

"தெரியுமா?"

"கரண்டு போனா அழிஞ்சுருமாமா. கம்ப்யூட்டருக்கு இருந்த யூபிஎஸ்ஸப் புடுங்கி இதுக்கு மாட்டிப்போட்டா. அப்பறம் ஆள் வரவ எங்க அடிக்கறதுன்னு கத்துனேன். ஒரு நாளைக்குக் கையில எழுதுங்கண்ணா, வெரலு தேஞ்சறாதுன்னா."

சுவிட்சுக்கு மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அணைக்கக் கூடாது. அவள் எழுத்து. அடியில் இரண்டு கோடுகள்.

"ரோல் சேலத்துலதான் கெடைக்கும். புதன்கெழம மொத பஸ்ஸுல போயி வாங்கிட்டுத் திரும்புனேன்." அவர் தோள்பையில் கைவிட்டுத் துழாவினார். "பதிமூணாவது வளைவுல ஒரு ஜீப்பு ஆரன் அடிச்சுட்டே எறங்குச்சு. நம்ம எஸ்டேட் ஜீப்பு. எங்கடா இத்தன வேகமாப் போறான்னு, சிரிச்சுட்டே கைய ஆட்டுனேன் தம்பி."

ரோலை எடுத்து நீட்டினார். "அன்னீலிருந்து பையிலயேதான் கெடக்குது. எனக்கு மாட்டத் தெரியாது. அவதான் மாட்டுவா."

ஜீவானந்தம் வாங்கினான். தாளின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தான். கறுப்புக் கோடு விழுந்த பக்கம்தான் எழுத்துப் பிடிக்கும். அந்தப் பக்கம் பார்த்து மாட்டி மூடியை அழுத்தினான். மெசின் ஒரு முறை முனகியது. பிறகு வரிவரியாகத் தள்ளியது.

வெண்ணிலா, கையெழுத்துப் போடலை. மாசக் கடைசியில வந்துருவேன். அப்பறம் போகலை. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம ஒரு போன் பண்ணு.

சிவப்பு விளக்கு நின்றது. ஏசுராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாளைக் கிழித்து மேசைமேல் வைத்தான். அது சுருண்டது. விரித்தான். மறுபடி சுருண்டது. மேல்முனையில் மழைக் குவளையை வைத்தான், கீழ்முனையில் அவள் பேனா டப்பாவை. பிறகு எல்லாவற்றையும் எடுத்து, தாளை நாற்காலி பக்கம் பார்க்கத் திருப்பி, மறுபடி வைத்தான்.

கீழே பாதையிலிருந்து அங்கப்பன் கூப்பிட்டார். "மாப்ள, வெளக்கு ஏத்தியாச்சு."

ஏசுராஜ் வழக்கம்போல ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டே வந்தார். மெசினுக்கு வந்ததும் சீட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அதை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினார்.