எங்கள் வீட்டு அணலி

என் புருஷன் ஷைஜு பாம்பு பிடிக்கிறவர். பிழைப்பு ஏ.சி. ரிப்பேர், பாம்பு பிடிப்பது வனத்துறைக்கான சேவை. திருவனந்தபுரத்தில், எங்கள் நேமம் பக்கம் யார் வீட்டு ஷூவுக்குள் பாம்பு சுருண்டு கிடந்தாலும் இவர் போன்தான் அடிக்கும்.

எடுத்ததும் ஒரே பேச்சுதான். "கிட்டப் போகாதீங்க. கண்ண எடுக்காம பாத்துட்டு நில்லுங்க. இந்தா வந்துட்டேன்." அடேயப்பா, என்ன ஒரு குரல்! முன்பின் தெரியாதவர்களுக்கு அந்தக் குரல். எனக்கு மட்டும், "பாப்போம் ஜினி, நேரம் கெடச்சா வாறேன்."

கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை பொன்முடி மலைக்குக் கூட்டிப் போனார். எதிரில் வருகிறவர் முகம் தெரியாத மூடுபனி. என் கையை அவர் விடவே இல்லை. அந்தக் கை எனக்குத் திரும்ப வேண்டும். இவரோ பிடித்த பாம்புகளைக் கல்லாறு தாண்டிக் காட்டில் விட, மாதம் தவறாமல் அதே வழியில் போகிறார். பாம்புக்கு அடித்த யோகம் எனக்கு அடிக்கவில்லை. வயிறு எரியாதா?

இந்தக் கல்யாண நாளுக்குக் கண்டிப்பாகப் பொன்முடி என்றார். விடியும் முன்பே எழுந்து வாழையிலையில் பொதிச்சோறு கட்டினேன். நெத்திலி வறுவல், முட்டை, தேங்காய்ச் சம்மந்தித் துவையல் எல்லாம் வைத்தேன். நல்ல சாரியும் உடுத்தினேன். புறப்படும் நேரத்தில் போன். "இப்ப வந்திருவேன்" என்று போனவர் மத்தியானமாகியும் வரவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவுமில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாம்பைக் கண்டால் ஊரார் தகவல் கொடுக்கிற, இவர் போனுக்கு உடனே சேதி போகிற வனத்துறை ஆப்பை நானும் திறந்தேன். அணலி என்று போட்டேன். கடித்தால் ஆள் பிழைப்பதே பாடு, அந்த விரியன். இடம், எங்கள் வீடு. அனுப்பிவிட்டேன். இப்போது மட்டும் உடனே கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. கொஞ்சம் தெரியட்டும் என்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே பைக் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. ஹெல்மெட் இல்லை, பாம்புக் கம்பி இல்லை, ஒரு காலில் செருப்பும் இல்லை. ஊருக்கெல்லாம் நிதானம் சொல்கிற மனுஷன் ஓடிவந்து என் காலடியில் விழுந்து, கணுக்காலைத் தடவித் தடவிப் பார்த்தார். 

"எங்க கடிச்சுது? சொல்லுடி!"

"கடிக்கல்ல."

"பாம்பு எங்க? கண்ண எடுக்காம பாக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"காலம்பற இருந்து கண்ண எடுக்காமத்தான் இருக்கேன். அந்த வாசல் கேட்டையே பாத்துட்டு."

பாம்பே இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்றிருந்தேன். அவர் என் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"உயிரே போச்சுடி" என்றார். அவர் தலையில் கை வைத்தேன். எத்தனை ஆசையாக இருந்தது, அப்படியே இருந்துவிட.

அவர் போன் அடித்தது. ஒரு பெண்ணின் அழுகை எனக்கே கேட்டது. தொட்டிலுக்கு அடியில் நல்ல பாம்பாம். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"போங்க. பிள்ள கெடக்குல்லா" என்றேன். எனக்குக் கண் கரித்தது.

"கிட்டப் போகாதீங்க, வாறேன்" என்று போனில் சொல்லிவிட்டு எழுந்தார். உள்ளே கிடந்த இன்னொரு கம்பியை எடுத்துக் கொடுத்தேன்.

பைக்கைக் கிளப்பியவர் கேட்டருகே நின்று திரும்பினார்.

"ஜினி, கண்ண எடுக்காம பாத்துட்டு இரு. இந்தா வந்துட்டேன்."

அதே குரல். பொதிச்சோற்றை மடியில் வைத்துக்கொண்டு நான் கேட்டையே பார்த்திருந்தேன்.