பாதிக்குக் கீழே

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை, வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு பதிலிலிருந்து வந்தது. பல்கலைக்கழகப் பதிவு அலுவலகத்தில், மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் குமாஸ்தா, வெளியே நிற்கும் மாணவியிடம் “ஒண்ணும் ஆகாதும்மா” என்கிறார். அவ்வளவுதான் கையில் இருந்தது.

முதல் தொடக்கம்: “வங்கி இரக்கமற்றது.” (அடித்துவிட்டேன். இதைச் சொல்ல ஒரு கதை வேண்டுமா?)

இரண்டாவது: “அவள் படிப்பில் அக்கறை இல்லாதவள், ஆகவே” (இதை எழுதிய கையை உடைக்கவேண்டும்.)

2

அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கல்விக் கடனில் படிக்கிறாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டது அவளுடைய அக்கா. பருவத்துக்கு நான்கு பாடம். வேலைக்காக அதை இரண்டாகக் குறைத்துக்கொண்டாள். கடையில் ஷிப்ட் மாறியதும் அதிலும் ஒன்றுக்குப் போக முடியவில்லை.

“இந்தப் பருவம் ஒண்ணை விட்டுடறேன் சார். லோனுக்கு ஏதாவது சிக்கல் வருமா?”

“ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு பாடம் இருந்தாலும் நீ ஸ்டூடண்ட்தானே?”

எங்களுக்கு ஆமாம். வங்கிக்கு இல்லை. பாதிப் பாடமாவது படித்தால்தான் அவர்களுக்கு மாணவி. அதற்குக் கீழே போனால் படிப்பு முடிந்ததாக வைத்துத் தவணையைத் தொடங்கிவிடுவார்கள். (“எங்களுக்கு” என்று வந்துவிட்டது. குமாஸ்தாவை யாரோ போல எழுதத்தான் நினைத்தேன். சரி, அது நான்தான்.)

3

இந்தக் குமாஸ்தா பாத்திரத்தின் மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மாதாமாதம் வங்கிக்குப் போகும் பட்டியலில் ‘பாதிக்குக் கீழ்’ என்று ஒரு கட்டம். பதினோரு வருடமாக அதில் டிக் அடிக்கிறான். அந்த டிக்கை வைத்து வங்கி என்ன செய்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. வாசகர் நம்பமாட்டார் என்று மாற்றப் பார்த்தேன். நடந்தது அதுதான்.

அவளுக்கும் நானேதான் டிக் அடித்தேன்.

4

திங்கட்கிழமை வங்கிக் கடிதத்தோடு வந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் கதைக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

“தவணை கட்டலைன்னா அக்கா சம்பளத்துல பிடிப்பாங்களாம் சார். இருக்கற ஒரு பாடத்தையும் எடுத்துடுங்க. முழுநேர வேலைக்குப் போறேன்.”

படிக்க வாங்கிய கடனை அடைக்கப் படிப்பை விடுகிறாள். எழுத்தாளன் அல்லவா, இந்த வரி அப்போதே மனதில் ஓடியது. வெட்கமாக இருக்கிறது. விண்ணப்பத்தை நீட்டி, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினேன்.

அவள் போனதும் பக்கத்து ஜன்னல் அம்மா கேட்டார்: “ஏன் சார், எடுக்கறதுக்குப் பதிலா இன்னொரு பாடம் சேர்த்துக்கிட்டா தவணை நின்னுடுமே. மாலை வகுப்புல இடம் இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. சொல்லலையா?”

“சொல்றேன், சொல்றேன்.”

சொன்னால், முன்னே சொன்னது தப்பு என்றும் சொல்லவேண்டும். அவள் என் மேலதிகாரியிடம் போய் நின்றால்?

5

முடிவுகள்:

(அ) அவளே எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு வருகிறாள். எனக்கு வேலை மிச்சம்.

(ஆ) பல வருடம் கழித்து என்னை மன்னிக்கிறாள். (சீச்சீ.)

(இ) நான் போனை எடுத்து

இன்று வியாழன். விண்ணப்பத்தின் மேல் மூலையில் அவளுடைய எண் இருக்கிறது. அதன்மேல் இந்தத் தாளை வைத்துத்தான் எழுதுகிறேன். கதைக்கு நான்கு நாள் ஆகிவிட்டது. அந்தப் போனுக்கு இரண்டு நிமிடம் போதும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது வெள்ளிக்கிழமை தாண்டியிருக்கும். (இ)யை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். என்னை நல்லவனாக்கி முடித்தீர்களானால், உங்களுக்கு என்னைத் தெரியாது.